ஐந்தாம் பாகம் இருந்த இடம்

எங்கள் பள்ளிக் கதைப் புத்தகத்தின் கடைசிப் பாகம் கத்திவாக்கத்தில் கருவாடு மடிக்கப் போய்விட்டது என்று, தமிழ் வாத்தியாரான நான் மூன்று நாள் உறுதியாக நம்பினேன்.

முப்பது பிள்ளைகள் படித்துப் பேச, என்னால் வாங்க முடிந்தது ஒரே ஒரு பிரதி. அதை ஐந்தாகப் பிரித்துத் தைத்து, வரிசையாகச் சுற்றுக்கு விட்டேன். முடிவை யாரும் திருட்டுத்தனமாகப் படித்துவிடக் கூடாதென்று ஐந்தாம் பாகத்தை நூலால் கட்டி, ஏழாம் வகுப்பு மேரியிடம் கொடுத்துவைத்தேன். அவள் அம்மா கருவாடு விற்பவர். மறுநாளிலிருந்து மேரி வரவில்லை.

"கப்பல் கரைக்கு வந்துச்சா இல்லியா? சொல்லு சார்!" என்று வகுப்பே பிடுங்கியது. பிரிக்கிற அவசரத்தில் முடிவை நானும் படித்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை கலந்துரையாடல். சொந்தமாக ஒரு முடிவு கட்டிப் பார்த்தேன். அதில் ஒரே கப்பல் இரண்டு முறை மூழ்கியது.

வியாழன் மாலை அவள் வீட்டுக்கே போனேன். வாசலில் அம்மா பழைய காகிதத்தில் கருவாடு மடித்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு பொட்டலத்தையும் உற்றுப் பார்த்தேன்.

"இன்னா சார், கருவாட்ட அப்டி மொறைக்கிற? புள்ளைக்கு மூணு நாளா ஜொரம். உள்ள படுத்துகினு கீது."

மேரி தலையணைக்கு அடியிலிருந்து ஐந்தாம் பாகத்தை எடுத்து நீட்டினாள். நூல் அவிழாமல் இருந்தது.

"நீ படிக்கலியாம்மா?"

"நாலாவது எனக்கு இன்னும் வரல சார்." என் பையையே பார்த்தாள். "கொண்டாந்தியா சார்?"

நான் கொண்டுபோயிருக்கவில்லை.