சொல்லாமல் விட்ட கூண்டு

அண்ணி எனக்கு வைத்திருந்த பெயர் ‘எலிக்குப் பீ வாருறவ’. புதுச்சேரியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னீஷியன் வேலை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்குச் சிரிப்புத்தான். காலேஜ் படித்துவிட்டு, தினமும் மரக்காணத்திலிருந்து பஸ் ஏறிப் போய் ஒருத்தி எலிக்கூண்டு கழுவுகிறாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எனக்கு மட்டும் உள்ளே எரியும். அப்பா அம்மா போன பிறகு அண்ணன் வீட்டில்தான் இருந்தேன், அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஆராய்ச்சிக்கூடத்தில் அந்தப் பாக்டீரியா வேலை வந்தது. சூடாக்கிக் கொன்ற கிருமியை வெள்ளைச் சுண்டெலியின் வயிற்றில் ஊசியால் செலுத்துவோம். செத்த கிருமிதான், ஆனாலும் எதிரி வந்துவிட்டான் என்று உடம்பு விழித்துக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்துத் தொடையில் புற்றுநோய்ச் செல்களைப் போடுவோம். விழித்திருக்கும் உடம்பு பல எலிகளில் கட்டியை வளரவே விடாது. பக்கத்துக் கூண்டு எலிகளுக்குக் கிருமி கிடையாது, வெறும் உப்புத்தண்ணீர் ஊசி. அவற்றுக்குக் கட்டி பெருத்து, கால் இழுத்து, சாகும். கட்டியைத் தினமும் அளந்து எழுதுவது என் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புச் சோற்றின் நடுவே இதை எடுத்துவிட்டேன். கிருமி ஊசி, உப்புத்தண்ணீர் ஊசி இரண்டையும் சொல்லி, புற்றுநோய் வராமலே தடுக்கிறோம் என்றேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரும் அண்ணன் மட்டும், நம்ம ஊர் உப்புத்தண்ணீர் அதுக்கும் லாயக்கில்லையா என்று கேலி செய்தார். அண்ணி என் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தார்.

மூன்றாவது கூண்டைப் பற்றி நான் பேசவில்லை. அதிலிருந்த எலிகளுக்கு முதலில் கட்டி. கட்டி விரலுக்குத் தட்டுப்பட்ட பிறகுதான் கிருமி ஊசி. அவையும் உப்புத்தண்ணீர் எலிகளைப் போலவே செத்தன. வெள்ளம் வந்த பிறகு போட்ட அணை. அதைச் சொன்னால் கதையின் ருசி போய்விடும், எனக்குப் புதிதாகக் கிடைத்த மரியாதையும் போய்விடும். பிழைத்த எலிகளையும் கடைசியில் கொன்று அறுத்துத்தான் பார்ப்போம் என்பதையும் சொல்லவில்லை. பொய் எதுவும் சொல்லவில்லையே என்று இன்றைக்கும் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வெட்கங்கெட்ட சமாதானம்.

மாசியில் அண்ணன் தொடையில் கட்டி தெரிந்தது. உப்புத்தண்ணீரில் நிற்கிற காலுக்கு வருகிற வீக்கம் என்று உப்பளத்தில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்துப் புற்று என்றார்கள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், காலையே எடுக்க வேண்டி வரலாம். பாத்தியில் நின்று பலகையால் உப்பு இழுக்கிறவருக்குக் கால் போனால் என்ன மிச்சம்? கையெழுத்துப் போடாமல் திரும்பிவிட்டார்.

அன்று மாலை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“உங்க ஆபீஸ்ல அந்தக் கிருமி ஊசி இருக்குதுல்ல? எனக்கும் ஒண்ணு போடச் சொல்லேன்.”

மனிதர்களுக்கு இன்னும் போடுவதில்லை, பெரியவர்களைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்பது எனக்கே தெரியும். ஆபரேஷன் பண்ணிக்கோங்க என்றும் சொன்னேன்தான், சாப்பிட்டீங்களா என்று விசாரிக்கிற குரலில். அதற்குள் அண்ணி தெருவெல்லாம் தன் நாத்தனார் மருந்துக்கு ஏற்பாடு பண்ணுகிறாள் என்று சொல்லிவிட்டார். காலையில் எனக்கு முதல் காபி வந்தது. வேலைக்காரி மாதிரி இருந்த வீட்டில் ராணி மாதிரி இருந்தேன். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை, அதுதான் உண்மை.

பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. அண்ணன் காலை இழுத்துக்கொண்டே உப்பு வாரினார். எலித்தொடையை மில்லிமீட்டர் கணக்கில் அளந்த நான் அவருடைய தொடையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வைகாசியில் இருமல் தொடங்கியது. நுரையீரலுக்குப் போய்விட்டது, இனிமேல் காலை எடுத்தும் பயனில்லை என்றார்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படித்தான் அப்போது போய்ச் சொன்னேன். அண்ணி குடத்தோடு குழாயடிக்குப் போயிருந்தார். கட்டி வந்த பிறகு அந்த ஊசி போட்டால் வேலை செய்யாது, அந்த எலிகள் செத்ததை என் கையால்தான் எழுதினேன், ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சுவரைப் பார்த்தபடியே சொன்னார்.

“அப்பவே சொல்லியிருந்தா கால குடுத்துட்டிருப்பேனேம்மா.”

மூச்சு வாங்கிக்கொண்டு, அண்ணியிடம் இதைச் சொல்லாதே என்றார்.

அவரும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் முன்னால் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“தங்கச்சின்னா இவள மாதிரி இருக்கணும். அந்த ஊசிக்கு எவ்ளோ அலைஞ்சா தெரியுமா?”

எல்லோரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். முதல் பந்தியில் எனக்கு இலை போட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட்டேன்.