சொண்டு வருத்தமும் சொல்வழி கேளாத ஆக்களும்

பறவை வைத்தியசாலையில வேலை செய்த ஆக்களுக்குத் தெரியும்: கடிக்கிறது கிளி இல்லை, கிளி வளக்கிற ஆக்கள்தான். தொண்ணூறுகளில, கனடாவில ஸ்காபரோவில ஒரு பறவை டொக்டரிட்ட உதவிக்கு நிண்டனான். கிளியளின்ர தொத்து வருத்தங்களைக் கண்டுபிடிக்க இரத்தமும் இறகும் எடுத்து லாப்புக்கு அனுப்பிறது என்ர வேலை. என்னைப்போல மாரடிச்ச சகோதரங்களே, நீங்களாவது வாசிச்சுப் பல்லைக் கடியுங்கோ.

கழுவின இறகு

சொண்டு-இறகு வருத்தம் எண்டு ஒண்டு இருக்கு. வைரஸால வாறது. இறகு கொட்டும், புதுசா முளைக்கிறதும் முறுகி முளைக்கும், சொண்டும், அதுதான் அலகும், உடையும். மருந்தில்லை. இறகுத் தூளிலயே மற்றக் கிளிக்குத் தொத்தும். சோதிக்கிறதெண்டால் வேரோட பிடுங்கின இறகு வேணும், வேரிலதான் வைரஸ் கிடக்கும்.

பனிக்குள்ள கிளியைக் கொண்டுவர ஏலாதெண்ட வோபர்ன் பக்கத்து அண்ணை ஒருத்தருக்கு இதைப் போனில படிச்சுப் படிச்சுச் சொன்னன். அவர் கொண்டுவந்தது கத்தரிக்கோலால வெட்டின இறகு. அதையும் பிளீச் போட்டுக் கழுவி, காயவைச்சு, வெள்ளைக் கடதாசியில சுத்தி! ஏன் கழுவினனீங்கள் எண்டு கத்தினன். அவருக்கு என்னைவிடக் கோவம்.

"ஊத்தையோட டொக்டரிட்டக் குடுக்கிறதே, பிள்ளை? எங்கட குடும்பத்துக்கு ஒரு மரியாதை இருக்கெல்லோ?"

நல்லாச் சாப்பிடுது

மோர்னிங்சைட்டில பறவைக்கடை வைச்சிருந்தவர் ராசன் அண்ணை. கடையில நிண்ட வெள்ளைக் கொண்டைக்கிளிக்கு இறகு கொட்டுதெண்டு அவரேதான் கொண்டுவந்தவர். காலில பச்சை வளையம் போட்ட கிளி. லாப் முடிவு வந்துது: அதே வருத்தம். தனிய வையுங்கோ, தயவுசெய்து வித்துப்போடாதேங்கோ எண்டு கும்பிடாத குறையாச் சொன்னன். டொக்டரும் சொன்னவர். செவிடன் காதில ஊதின சங்குதான். அந்தாள் கூட்டைத் தூக்கிக்கொண்டு சிரிச்சுது.

"நல்லாச் சாப்பிடுது, நல்லாக் கத்துது, இதுக்கு வருத்தமாம். முதல்ல உங்கட மெசினையெல்லோ சோதிக்கவேணும்!"

விருந்தாளி

புஷ்பம் அன்ரி தன்ர சாம்பல் கிளிக்கு நகம் வெட்ட எங்களிட்டத்தான் வாறவ. கிளிக்குப் பேர் செல்லன், இன்னும் குஞ்சுதான். "பிள்ளையள் எல்லாம் இங்கிலீசு. வீட்டில என்னோட தமிழ் கதைக்கிறது உவன் ஒருத்தன்தான்" எண்டு சொல்லுவா. என்னைக் கண்டாலும் செல்லன் "சாப்பிட்டியளோ?" எண்டு கேக்கும். எனக்கு அதில தனிப் பாசம்.

ஒருநாள் குளிருக்குத் துணி மூடின கூட்டோட வந்தா. செல்லனுக்குத் துணை வாங்கியிருக்கிறாவாம், ராசன் அண்ணையிட்ட. இறகு கொட்டுறது சும்மா இறகு மாத்திறதெண்டு சொன்னவராம். துணியைத் தூக்கினன். செல்லனுக்குப் பக்கத்தில அதே வெள்ளைக்கிளி, அதே பச்சை வளையம். அட நாசமாப் போவான்! புதுக்கிளியை வேற அறையில வைச்சு, சோதிச்சுப்போட்டெல்லோ சேர்க்கவேணும் அன்ரி, எத்தினை தரம் சொன்னனான் எண்டன். எனக்கு அழுகை வந்திட்டுது. அவவுக்கு விளங்கேல்லை.

"வீட்டுக்கு வந்த விருந்தாளியை அறையில பூட்டிறதோ, பிள்ளை? முதல் நாளே ரெண்டையும் ஒரு கோப்பையிலதான் சாப்பிடவிட்டனான்."

ஒண்டுதானே

பிறகு செல்லன் தின்னாமல் விட்டுது, சத்தியெடுத்துது, கதையும் நிண்டுபோச்சு. இரத்தத்திலயும் அந்த வைரஸ்தான். டொக்டர் ஏலுமானதெல்லாம் செய்தார், செல்லன் தப்பேல்லை, செத்துப்போச்சு. நான் வெள்ளைக் கோட்டோடயே ராசன் அண்ணையின்ர கடைக்குப் போய், சனத்துக்கு முன்னால நாக்கைப் பிடுங்கிற மாதிரிக் கேட்டன். அந்தாள் தீன் பையைக் கட்டிக்கொண்டு, நிமிர்ந்தும் பாக்கேல்லை.

"நான் வித்தது ஒண்டுதானே, பிள்ளை? அது சாகேல்லையே!"

வெள்ளைக்கிளி

அன்ரியிட்டப் போய், இனி வேற கிளி வாங்காதேங்கோ, உந்த வெள்ளையையும் டொக்டரிட்டத் தாங்கோ எண்டு கேட்டன். பாதி இறகு இல்லாமல், குளிருக்குக் கொடுகிக்கொண்டு அது அவவின்ர மடியில இருந்துது. அவவிலயும் எனக்குக் கோவம்தான். கிளியை வாங்கக் கையை நீட்டினன்.

"தரமாட்டன், பிள்ளை. செல்லனிட்டக் கேட்டுக் கேட்டு இப்பதான் 'சாப்பிட்டியளோ' எண்டு சொல்லப் பழகியிருக்கு."

கிளியின்ர வருத்தத்தைக் கண்டுபிடிக்க வேரோட ஒரு இறகு போதும், மனிசரின்ரயைக் கண்டுபிடிக்க எதைப் பிடுங்கிறதெண்டுதான் எனக்கு இண்டைக்கும் தெரியேல்லை.