சந்தனப் பொட்டு வைத்த கிளட்ச் பிளேட்

மட்டாஞ்சேரியில் என்னைப்போல் கிளட்ச் மாட்ட ஆளே கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுவேன்!

பொய். கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டே திருப்பி மாட்டியவன் நான். அந்தக் குற்றத்தை இன்னொருவர் காலில் கட்டிவிட்டவனும் நான்தான். கால் என்றால் நிஜமான கால்... தங்கப்பன் சேட்டனின் இடது கால்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எல்லோரையும் சிரிக்கவைத்துத்தான் அந்த மனிதரைக் கெடுத்தேன்.

தொண்ணூறுகளில் நடந்தது. பள்ளிக்கூடம் என்னை மூன்றாம் வகுப்பிலேயே கைகழுவிவிட்டது. தமிழைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். ஆங்கிலம் எனக்கு வெறும் படம். எங்கள் ஒர்க்‌ஷாப்பின் பெரிய மெக்கானிக்கை ஆசான் என்போம். அவர் பழனிக்கு மொட்டை போடப் போயிருந்தபோது, மிளகு மண்டி முதலாளியின் பழைய அம்பாசடர் வந்து நின்றது. கிளட்ச் தேய்ந்துவிட்டது, புதிது போட வேண்டும். ஓட்டி வந்தவர் தங்கப்பன் சேட்டன், பள்ளுருத்திக்காரர். அந்த வண்டி புதிதாக வந்த நாள்முதல் அவர்தான் டிரைவர்.

"ஆசான் வரட்டும் மணி, அவசரமில்ல" என்றார்.

"ஆசானுக்குக் கிளட்ச் சொல்லிக் குடுத்ததே நான்தான் சேட்டா!"

உண்மை என்ன தெரியுமா? ஆசான் கிளட்ச் மாட்டும்போது பக்கத்தில் டார்ச் பிடித்திருக்கிறேன். அதையும் தப்பான இடத்தில் பிடித்துத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. புது சாமான் எதுவானாலும் முருகன் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனப் பொட்டு இட்டு, பொட்டு எஞ்சினைப் பார்க்கும்படி மாட்டுவோம். சாமி எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்குமாம்! ஃபேன் பெல்ட்டுக்குப் பொட்டு வைத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் கிளட்ச் பிளேட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் உண்டு.

பிளேட்டின் ஒரு பக்கம் சப்பை. அதில் ஏதோ ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கம்பெனி பேராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுபக்கம் நடுவில் ஸ்பிரிங்கெல்லாம் புடைத்துக்கொண்டு, மூக்கும் கன்னமுமாக முகம்போலவே இருந்தது. பொட்டு முகத்துக்குத்தானே வைப்பார்கள்? வைத்தேன். பக்தியோடு எஞ்சின் பக்கம் திருப்பி மாட்டினேன்.

சப்பையில் அச்சடித்திருந்தது 'எஞ்சின் பக்கம்' என்றாம். அந்தப் புடைப்பு கியர்பாக்ஸ் பக்கம் இருக்க வேண்டும்... நான் கண்டேனா?

ஸ்டார்ட் செய்து கியர் போட்டால் கரகரவென்று அலறியது. எஞ்சினை நிறுத்தினால் வெண்ணெய்போல் விழுந்தது. அப்படியென்றால் பெடலை மிதித்தாலும் பிளேட் எஞ்சினைவிட்டு விலகவில்லை. அதுவரை எனக்கும் புரிந்தது. ஏன் விலகவில்லை? பெடலின் ஆட்டத்தைச் சரிசெய்தேன். ஆயில் குழாயில் காற்று இருக்கும் என்று வெளியேற்றினேன். சிலிண்டர் ரப்பரை மாற்றினேன். கரகர குறையவில்லை. மறுபடி கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்திருக்க வேண்டும். முதுகு ஒடிகிற வேலை... இறக்கவில்லை.

"புது பிளேட் சேட்டா. புது மருமக மாதிரி. ஓடி ஓடித்தான் செட் ஆகும்" என்றேன்.

அவர் நம்பினார். நம்பி, வைப்பின் தீவுக்குப் போகும் ஜங்காரில் வண்டியை ஏற்றினார். கார்களைச் சுமந்து காயலைக் கடக்கும் தட்டைப் படகு அது. அவர் வண்டிதான் முதல் வரிசை. பின்சீட்டில் முதலாளியும், நிறைமாதக் கர்ப்பிணியான அவர் மகளும்.

அக்கரை நெருங்கியது. ஓடும் எஞ்சினில் கியர் விழாது என்பதால், அவர் முதலிலேயே கியரைப் போட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார். யாரானாலும் அப்படித்தான் செய்வார்கள். கிளட்ச் விலகியிருந்தால் வண்டி அப்படியே நின்றிருக்கும்.

விலகவில்லையே! வண்டி துள்ளி முன்னால் பாய்ந்தது. குறுக்கே கட்டியிருந்த சங்கிலியில் பம்பர் மாட்டியது. சங்கிலிக்கு அந்தப்பக்கம் தண்ணீர்...

யாருக்கும் அடியில்லை. வண்டியைக் கயிறு கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தார்கள். முதலாளி நேராக என்னிடம் வந்தார்.

"எந்தா மணி இது? புது கிளட்ச்சுன்னு சொன்னியே! என் மகளும் வயித்துப் பிள்ளையும் காயலுக்குள்ள போயிருப்பாங்க!"

சாயாக்கடையில் இருந்தவர்களெல்லாம் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, ஜோக் வரும். வந்துவிட்டது.

"கிளட்ச் மேல தப்பில்ல முதலாளி. சேட்டனோட எடது கால் எந்நேரமும் கிளட்ச் பெடல்லயே குடியிருக்கு, வாடக குடுக்காம! பிளேட் வெந்து வளஞ்சிருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும்கூட.

தங்கப்பன் சேட்டன் சிரிக்கவில்லை. குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். "அப்படி வெக்கறதில்லையே நான்..."

"கொறட்ட விடுறவனுக்குத் தன் கொறட்ட கேக்குமா சேட்டா?"

மறுபடி சிரிப்பு. அதோடு அவர் முகம் மாறியது. அதை நான் பார்த்தேன். என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடியாது... பார்த்தேன்.

"செலப்போ இருக்கும்" என்றார் மெதுவாக. "வயசாவுதில்ல." சாவியை எடுத்து முதலாளி கையில் அவரே வைத்தார். "பிள்ளத்தாச்சி இருந்த வண்டி, முதலாளி. இனி நான் ஓட்டறது செரியில்ல."

செய்யாத தப்பை ஒரு மனிதர் ஒப்புக்கொள்வார் என்று எனக்குத் தெரியாது! எதிர்த்துச் சண்டை போடுவார், சட்டையைப் பிடிப்பார் என்றுதான் நினைத்தேன். சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து போய்விட்டார்.

மறுநாள், ஆசான் பழனியிலிருந்து திரும்புவதற்குள், கியர்பாக்ஸை இறக்கினேன். பிளேட்டைக் கையில் எடுத்தேன்.

வெந்திருக்கவில்லை. வளையவும் இல்லை. நான் பொட்டு வைத்த புடைப்பில் சந்தனம் இல்லை. அந்த இடத்தில் இரும்பு வட்டமாக, பளபளவென்று தேய்ந்திருந்தது. எஞ்சினின் போல்ட் தலைகள் உரசிய வட்டம். புடைப்பு அங்கே போய் முட்டிக்கொண்டு நின்றால் பிளேட் எப்படி விலகும்? யார் மிதித்தாலும், எந்தக் காலால் மிதித்தாலும் விலகாது.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐயோ... பின்சீட்டில் ஒரு கர்ப்பிணி! சங்கிலி மட்டும் அறுந்திருந்தால்?

பள்ளுருத்திக்கு ஓடியிருக்கலாம். பஸ் இருந்தது, காலும் இருந்தது. நான் செய்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். வேறொரு பிளேட்டை வாங்கி, சரியான பக்கமாக மாட்டினேன். பொட்டு வைக்கவில்லை. பொட்டு வைத்ததைக் காயலில் எறிந்தேன்.

வண்டியைப் புது டிரைவர் எடுத்தான். கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

"கண்டோ மணி! கால் மாறினதும் வண்டி நேராச்சு" என்றார் முதலாளி.

நான் தலையாட்டினேன். திருப்பி மாட்டியது அறியாமை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தலையாட்டலை என்னவென்று வைத்துக்கொள்வீர்கள்?

கொஞ்ச காலம் கழித்து, ஒர்க்‌ஷாப் வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. காக்கிச் சட்டையில் தங்கப்பன் சேட்டன்.

"இதுல கிளட்ச் கையில இருக்கு மணி. எடது காலுக்குச் சோலியே இல்ல. அதான் இத எடுத்தேன்" என்றார், ஏதோ நான் கண்டுபிடித்துக் கொடுத்த மருந்தைச் சாப்பிடுகிறவர்போல!

எனக்கு வந்த ஒரே அதிர்ச்சி ஜங்கார் என்று நினைத்திருந்தேன். இல்லை, இதுதான். அன்றைக்கு மட்டும் எனக்கு ஜோக் வரவில்லை.

அதன்பிறகு அவர் காரைத் தொடவில்லை. அவருடைய மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக் காரைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னார்கள். "என் கால் செரியில்லப்பா" என்று ஒதுங்கிக்கொண்டார். பந்தலில் நான் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தேன். கேட்டேன். இன்னொரு கரண்டி ஊற்றினேன்.

இத்தனை வருஷத்தில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கிறேன். திறந்தால் வேறு ஏதோ ஜோக்தான் வருகிறது. அவர் சிரிக்கிறார். ஆட்டோவை வேறு யாரிடமும் காட்டமாட்டார். மணியின் கை போதும் என்பார். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்று காலையில் முருகன் படத்துக்கு முன்னால்...

ஹாரன். அவர்தான். வாசலிலிருந்து கூப்பிடுகிறார்.

"எடா மணியே, ஒண்ணு வாடா! கிளட்ச் இழுத்தா விடமாட்டேங்குது. கேபிளப் பாரு... இல்ல, என் கையும் காலப்போல ஆயிப்போச்சோ என்னவோ!"