ஏழாம் மேசையில் பல் பரீட்சை

எங்கள் ஓட்டலின் ஏழாம் மேசை, மத்தியானம் ஒரு மணிக்கு எதிர்க்கட்டட மாடியில் பல்செட்டு செய்பவருக்குச் சொந்தம். இருபத்திரண்டு வருடமாகப் பரிமாறுகிறேன். கூட்ட நேரத்தில் அந்த ஜன்னலோர மேசையை வேறு யாருக்காவது கொடுத்தேன் என்று ஒரு நாள்கூட இல்லை. வயிற்றெரிச்சல்தான். ஆனால் முதலாளியே அவர் செய்த பல்லோடுதான் சிரிக்கிறார். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மற்றவர்கள் பல்லை மாட்டி, கண்ணாடியைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். இவர் ஆளைக் கையோடு எங்கள் கடைக்கு அழைத்து வந்துவிடுவார். முதலில் சூப், அப்புறம் ரொட்டி, பிறகு பொரித்த கோழி, கடைசியில் வறுத்த கடலை. கடலையைத் தாண்டினால்தான் பல் பாஸ். எதிரே உட்கார்ந்து அவரும் அதே நாலு தட்டையும் ஒரு பிடி பிடிப்பார். இத்தனை வருடத்தில் அவர் ஒரு தட்டில் மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

"நாற்காலியில எல்லாப் பல்லும் நல்ல பிள்ளைதான்ப்பா. சாப்பாட்டு மேசைக்கு வந்தாத்தான் வண்டவாளம் தெரியும்" என்பார். "நாலு பேர் நடுவுல உக்காந்து சாப்பிட முடியலன்னா அப்புறம் எதுக்குப் பல்லு? கஞ்சி குடிக்கவா?"

அப்படித்தான் ஒருநாள் ஒரு தபால் ஆபீஸ் அம்மாவை அழைத்து வந்தார். முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். வருடம் ஒருமுறை தங்கையோடு ரயிலேறி, தெரியாத ஊரில் இறங்கி, மூன்று நாள் கடை கடையாகச் சாப்பிட்டுத் திரும்புவது அவர் வழக்கமாம். ஊர் சுற்றுவதெல்லாம் அடுத்த வேளைக்குப் பசி எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். பல் போனதும் அது நின்றது. முட்டிவலி என்று தங்கையிடம் பொய் சொல்லி இரண்டு வருடம் தள்ளிவிட்டார். இந்த வருடமும் வரவில்லையென்றால் இனி கூப்பிடவே மாட்டேன் என்று தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள். சூப் ஆறும்வரை இதையெல்லாம் பல்செட்டுக்காரரிடம் சொன்னார். மேசை துடைக்கிற சாக்கில் நானும் கேட்டுக்கொண்டேன்.

சூப் நல்லபடியாக இறங்கியது. ரொட்டியை ஒரு கடி கடித்தார். கீழ்ப்பல் துள்ளித் தட்டில் விழுந்தது. பக்கத்து மேசைக்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அந்த அம்மா பல்லைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார். எனக்கு ஏனோ நானே தட்டைப் போட்டு உடைத்த மாதிரி இருந்தது.

அன்றுதான் முதல் தடவையாகப் பல்செட்டுக்காரரின் கோழி அப்படியே கிடந்தது.

"அளவு சுத்தமா இருந்ததேப்பா. மாடியில மூணு தடவை கடிக்கச் சொல்லிப் பாத்தேன்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. "மாடியில நீங்க தலையைச் சாய்ச்சு வெச்சுப் பாத்திருப்பீங்க சார். அந்தம்மா இங்க எப்படிச் சாப்பிட்டாங்கன்னு பாத்தீங்களா? நீங்கதான் உங்க தட்டையே பாத்துக்கிட்டிருந்தீங்களே. இடது கையால வாயை மூடிக்கிட்டு, தலையைத் தட்டுக்குள்ள கவுத்துக்கிட்டு சாப்பிட்டாங்க. தனியா சாப்பிட்டுப் பழகினவங்க."

நெற்றியில் அடித்துக்கொண்டார். குனிந்து கடித்தால் கீழ்த்தாடை முன்னால் வருமாம். நிமிர்ந்த வாய்க்கு எடுத்த அளவு குனிந்த வாய்க்கு எப்படிப் பொருந்தும்? சாப்பிடுவதில் மன்னன், சாப்பிடுகிறவரைப் பார்க்க மறந்துவிட்டார். அங்கேயே என் முன்னால் போன் போட்டார். "தப்பு உங்க வாயில இல்லம்மா, என் அளவுல. நாளைக்கு மூணு மணிக்கு வாங்க, கடையில ஈ காக்கா இருக்காது."

வந்தார். எனக்கே நம்பிக்கை இல்லை, ஆனால் அந்த அம்மா வந்தார். பல்செட்டுக்காரர் ஏழாம் மேசையிலேயே மெழுகை உருக்கி, முன்னால் காலித் தட்டை வைத்து, சாப்பிடுகிற மாதிரி குனியச் சொல்லி அளவெடுத்தார். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, இது சாப்பாட்டுக் கடையா ஆஸ்பத்திரியா என்று முணுமுணுத்தார். இவர் செய்து கொடுத்த பல்லை வைத்துக்கொண்டுதான் முணுமுணுத்தார்.

பத்து நாள் கழித்துப் புதுப் பல். இந்தத் தடவை கூட்ட நேரத்துக்கே வந்தார்கள். சூப் போயிற்று, ரொட்டி போயிற்று, கோழியின் எலும்பு மட்டும் தட்டில் மிச்சம். கடலையைக் கொண்டுவந்து வைத்தேன். பழக்க தோஷம், இடது கை மறுபடி வாய்க்குப் போனது.

"அந்தக் கைக்கு ஒரு வேலை குடுங்கம்மா. தங்கச்சிக்குப் போன் போடுங்க" என்றார் பல்செட்டுக்காரர்.

அந்த அம்மா போனை இடது கையில் பிடித்துக்கொண்டு, வாய் நிறையக் கடலையைப் போட்டுக் கடித்தார். சத்தம் எனக்கே கேட்டது.

"அக்கா, என்ன சத்தம் அது?" என்றது போன்.

"கடலை."

"கடலையா? உனக்கு முட்டிதானே வலி?"

"முட்டி எல்லாம் நல்லாத்தான்டி இருக்கு. பல்லு போயிடுச்சு. உன் எதிர்ல பொக்கை வாயோட உக்கார வெக்கமா இருந்தது. இப்ப வந்துடுச்சு."

"என்கூடச் சாப்பிடவே உனக்குப் பிடிக்கலைன்னு ரெண்டு வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன்க்கா" என்று தங்கையின் குரல் கேட்டது.

"லூசு. டிக்கெட் போடு" என்றார் அக்கா. கண்ணைத் துடைக்கவும் அதே இடது கைதான் வேண்டியிருந்தது.

பல்செட்டுக்காரர் மீதிக் கடலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பரீட்சை முடிந்துவிட்டதே என்று நான் தட்டுகளை அடுக்கப் போனேன். அந்த அம்மா நிறுத்தினார்.

"மெனு குடுப்பா. இதெல்லாம் அவர் சொன்னது. இனிமே நான் சொல்றேன்."

வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் மெனுவைக் கொடுத்தேன்.