கோழிக்கூட்டுக் கதவு

சித்தப்பாவின் வலது கையில் மூன்று விரல்கள் போனதற்கு நான் காரணமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சாதகமாகச் சொல்ல அது ஒன்றுதான் இருக்கிறது. மற்றதெல்லாம் என் வாய் செய்த வேலை.

அப்போது எனக்கு எட்டு வயது. இலங்கை மலைநாட்டில், அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தோம். சித்தப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை பெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே கொழுந்து அரைக்கிற மெஷினில் நின்றார். கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் சாப்பாடு. பூண்டுலோயாவில் பெண் பேசி, தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று வாய்வார்த்தையும் ஆகியிருந்தது.

என்னிடம் ஒரு கோழியும் ஏழு குஞ்சுகளும் இருந்தன. கீரி வந்து இரண்டைத் தூக்கிக்கொண்டு போனதும் நான் சோறு தின்னமாட்டேன் என்று அடம்பிடித்தேன். சித்தப்பா பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் கூடு அடித்தார். கதவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டோருக்குப் பின்னால் போனார். சாம்பல் கொட்டுகிற மேட்டுக்குக் கீழே ஒரு கம்பி வலை மூடி கிடந்தது. மெஷினின் பல்லுச்சக்கரத்தில் யார் கையும் படாமல் இருக்கப் போட்டிருந்த மூடி அது. சக்கரத்தில் இலை சிக்கும்போதெல்லாம் அதைக் கழற்றி மாட்ட நேரமாகிறது என்று, கொழுந்து மலிந்த மாதத்தில் ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கழற்றிப் போடச் சொல்லிவிட்டாராம். அதற்குள் கம்பிக் கண்ணெல்லாம் புல் முளைத்திருந்தது. அந்தப் புல்லை நான்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தேன். ஆகவே எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

பக்கத்துக் காம்பராவில் என் வயசுக்காரி ஒருத்தி இருந்தாள். கதவைப் பார்த்துவிட்டு, குப்பையில் பொறுக்கியதுதானே என்றாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குப்பையாவது ஒன்றாவது, எங்கள் சித்தப்பா எனக்காகவே மெஷினிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார், நான் கூட நின்று பார்த்தேன் என்று அளந்துவிட்டேன். அவள் வாயைப் பிளந்தாள். பொய் அவ்வளவு ருசியாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு லயம் முழுக்கச் சொன்னேன். முதலில் நாலாக இருந்த போல்ட், சொல்லச் சொல்ல ஆறாகிவிட்டது.

ஒரு மாதம் போயிருக்கும். சக்கரத்தில் சிக்கிய இலையைத் தட்டிவிடப் போன சித்தப்பாவின் கை உள்ளே இழுபட்டுவிட்டது. கொழுந்து லொறியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூன்று வாரம் கழித்துக் கையில் பெரிய கட்டோடு திரும்பி வந்தார். அந்தக் கையால் இனி மெஷினும் பிடிக்க முடியாது, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியும் பிடிக்க முடியாது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தோட்டத்துச் சங்கத் தலைவர் வந்து தைரியம் சொன்னார். வேலையில் அடிபட்டவனுக்கு நட்டஈடு கொடுக்கச் சட்டம் இருக்கிறதாம். அரசாங்கத்தின் தொழில் கந்தோரிலிருந்து ஒரு ஐயா விசாரிக்க வருவாராம். மூடியில்லாத மெஷினில் நிற்க வைத்தது தோட்டத்தின் குற்றம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். தொழிலாளி தானே மூடியைக் கழற்றினான் என்று ஆகிவிட்டால் மட்டும் வழக்கு நிற்காதாம். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் பேச்சு காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

இரண்டு நாள் கழித்து, பெரியவர்கள் எல்லாம் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்த நேரம், சித்தப்பாவும் கட்டு மாற்றப் போயிருந்தபோது, தோட்ட நிர்வாகத்தின் பெரிய கிளாக்கர் லயத்துக்கு வந்தார். அவர் வாசல்வரை வருவது லேசுப்பட்ட காரியமா? எனக்கு டொபி கொடுத்தார், என்ன வகுப்பு என்று கேட்டார். அப்புறம் கூட்டின் முன்னால் குனிந்தார்.

"கதவு நல்லா இருக்கே. யாரு செஞ்சது?"

"எங்க சித்தப்பாங்க. மெஷின்ல இருந்து அவரே களட்டிக்கிட்டு வந்தாருங்க."

"நீ பாத்தியா?"

"பாத்தேங்க. ஆறு போல்ட்டுங்க."

அவர் சின்னப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒருவர் எழுதுவது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காவல்காரன் வந்து கதவைப் பிடுங்கிக்கொண்டு போனான். சாயங்காலம் தலைவர் வந்து என்னை முன்னால் நிறுத்தினார். பொய் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, அடிக்கமாட்டேன், உள்ளதைச் சொல்லு தாயி, கந்தோரில் வந்து மாற்றிச் சொல்லிவிடலாம் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். புல் பிடுங்கியதைச் சொல்ல வாயெடுத்தேன். வாசலில் அந்தப் பக்கத்துக் காம்பராக்காரி நின்றுகொண்டிருந்தாள்.

"களட்டினாரு. நான் பாத்தேன்" என்றேன்.

அம்மாவின் கை என் முதுகில் இடியாக விழுந்தது. சித்தப்பா கட்டுப் போடாத கையால் அம்மாவைத் தடுத்தார். "விடுங்க மதினி. சின்னப்புள்ள" என்றார். 

விசாரணையில் அவர் உள்ளதைச் சொன்னாராம். வீட்டுப் பிள்ளையே சொன்னபிறகு யார் நம்புவார்கள்? கூட வேலை செய்தவர்கள் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. நட்டஈடு கிடையாது என்று முடிந்தது. ஸ்டோர் வேலையும் போய், லய வாசல் கூட்டுகிற வேலைக்குப் போட்டார்கள். பூண்டுலோயாவிலிருந்து அப்புறம் ஒரு சேதியும் வரவில்லை.

பின்னாளில் அட்டனில் ஒரு சங்கக் கந்தோரில் டைப் அடிக்கிற வேலை பார்த்தேன். மெஷினில் கை கொடுத்தவர்களுக்கு எத்தனையோ மனு அடித்தேன். மூடி இருந்ததா, யார் கழற்றியது என்கிற இடம் வரும்போதெல்லாம் என் விரல் நின்றுவிடும். சித்தப்பா சாகிறவரை அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கம். வேறென்ன சொல்ல?

ஆனால் அந்த விசாரணை முடிந்த வாரத்தில் எனக்கு வெட்கமெல்லாம் இல்லை. கூட்டுக்குக் கதவில்லையே என்ற கவலைதான் இருந்தது. சித்தப்பா மூங்கில் பிளாச்சைக் கால்விரல்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் பின்னி, இரண்டு நாளில் ஒரு கதவு செய்து கொடுத்தார். கோணல்மாணலாக இருந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"அந்தக் கம்பி மூடிதான் நல்லா இருந்திச்சு சித்தப்பா."

அவர் கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஆமா பாப்பா. அது நல்ல மூடிதான்" என்றார்.

சித்தப்பாவுக்கும் என்னைப்போல அந்தக் கதவு போனதில் வருத்தம் என்று நினைத்துக்கொண்டு, ஐந்து குஞ்சுகளையும் எண்ணி உள்ளே விட்டேன்.