நீலகண்டன் அக்கா

எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்குப் பெயர் பதியும் கவுண்டர் அக்காவுக்கு ‘நீலகண்டன்’ என்று பட்டப்பெயர் வைத்தவர் மருந்துக்கடை அண்ணன். பொம்பளைக்கு ஆம்பளைப் பேரா என்று சிரித்தேன்.

“பாற்கடல்ல வந்த விஷத்த சிவன் முழுங்கியிருந்தா உள்ள இருக்கிற உலகம் அழியும், துப்பியிருந்தா வெளிய இருக்கிறது அழியும். அதான் தொண்டையிலயே நிறுத்திக்கிட்டாரு, கழுத்து நீலமாச்சு. நம்ம அக்காவும் அப்படித்தானே?” என்றார்.

உண்மைதான். கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாக நாளெல்லாம் வசவு வந்து விழும். ஃபேன் ஓடாததற்கும் அக்காதான் கிடைப்பார். பரிசோதனை அறையில் இருக்கும் என்னிடம், “ஒருத்தர் அவசரமா ரிப்போர்ட் கேக்குறாருப்பா” என்பதோடு சரி. அந்த ஆள் என் பரம்பரையையே இழுத்தது எனக்கு வந்து சேராது. சேர்ந்திருந்தால் கைகலப்புதான், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒருநாள் நான் இரண்டு ரத்தக் குழாய்களில் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டேன். நன்றாக இருந்த ஒரு பெரியவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று ரிப்போர்ட். குடும்பமே இரண்டு நாள் அழுதிருக்கிறது. வேறு இடத்தில் பார்த்துத் தெளிந்தபின் மகன் வந்து கவுண்டரை உடைக்காத குறையாகக் கத்தினார். அக்காதான் பதிவுச் சீட்டில் நம்பரை மாற்றிப் போட்டுவிட்டார் என்று மேனேஜர் முடிவு கட்டினார்.

“நாளையிலருந்து நீங்க வர வேண்டாம்.”

சீட்டு அக்காவின் கையில்தான் இருந்தது. நம்பர் சரி. காட்டினால் போதும், பழி என் தலைக்கு வந்துவிடும். அவர் சம்பளத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனால் என் மனைவிக்கு எட்டாம் மாதம் என்பது அவருக்குத் தெரியும். சீட்டைக் கசக்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

சத்தம் கேட்டு வந்த மருந்துக்கடை அண்ணன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். “அந்தக் கதையில பாதிதான்டா சொன்னேன். விஷம் கீழ இறங்காம பார்வதி ஓடிவந்து கழுத்தப் புடிச்சா. சாமிக்கே ஒரு கை வேண்டியிருந்துச்சு.”

மேனேஜர் முன் போய் நின்றேன். “சார், லேபிள் ஒட்டினது நான். தப்பு என்னோடது.” பெரியவரின் மகனிடமும் கைகூப்பினேன். எனக்கு ஒரு மாதம் சஸ்பெண்ட். அக்காவின் வேலை தப்பியது.

மேனேஜர் நகர்ந்ததும் அக்கா வெளியே வந்தார்.

“அறிவிருக்காடா உனக்கு? புள்ள பொறக்கப்போற நேரத்துல எவனாவது தானா போய் மாட்டுவானா? மடையா!”

கூட்டமே திரும்பிப் பார்த்தது. இங்கே வேலை பார்த்த பத்தொன்பது வருஷத்தில் அவர் யாரையும் திட்டி எவரும் கேட்டதில்லை. கண்ணீர் வழிய வழியத் திட்டித் தீர்த்தார். நான் தலைகுனிந்து நின்று, ஒரு சொல் விடாமல், நன்றியோடு வாங்கிக்கொண்டேன்.