படகில் எத்தனை பேர்

காவிரியில் தண்ணீர் குறைந்திருந்த சமயம், என் மோட்டார் படகின் புரொப்பல்லர் பாறையில் பட்டு உடைந்தது. அப்போது மனைவி இருந்தாள். அவளுடைய காரியம் முடிந்த மறுவாரம், வேறொன்று வாங்கப் பாப்பாரப்பட்டியில் சேலம் பஸ் ஏறினேன். வீட்டில் உட்கார்ந்திருப்பதும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதும் ஒன்றாகத்தான் இருந்தது.

"படகுல எத்தனை பேருங்க போவீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். "பாரத்துக்குத் தக்க மாதிரி றெக்கையோட சாய்வு மாறுமுங்க."

"ரெண்டு பேருங்க. நானும் வூட்டுக்காரியும்" என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. திருத்தத் தோன்றவில்லை. அவர் அதற்கேற்றதைக் கட்டிக் கொடுத்தார்.

நான் மட்டும் போனபோது, பாரம் போதாமல் இன்ஜின் வீணாகக் கத்தியது. கரையில் நின்றவர்கள் புரொப்பல்லரை மாற்றச் சொன்னார்கள். அவர்களுக்கென்ன, சொல்வார்கள். அவள் உட்காரும் பலகையில் ஒரு மணல் மூட்டையை ஏற்றினேன். இப்போது சரியாக ஓடுகிறது.